ஆறாவது இறகு

கோல்கா முனையில், பைன் மரங்களுக்குள் எங்கள் குடிசை.
ஆகஸ்டில் விடியுமுன் வலை விரிப்போம்.
சிக்குவதில் பாதி இரண்டே வகைக் குருவி:
வீத்தீத்திஸ் ஒன்று, சுஞ்சிஞ்ஷ் மற்றது.
பாடினால் யாரும் சொல்லிவிடலாம்.
ஒன்று படியிறங்குவதுபோல் குரலை இறக்கிக்கொண்டே வந்து
கடைசிப் படியை விழுங்கிவிடும்.
மற்றது தன் பெயரையே
ஆணி அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருக்கும்.

கைக்குள் வந்தால் இரண்டும் பாடுவதில்லை.
அதே பச்சை, அதே மஞ்சள், ஒன்பது கிராமுக்குள் அதே படபடப்பு.
முதலில் கால்.
வெளிறிய பழுப்பென்றால் வீத்தீத்திஸ், கருத்திருந்தால் சுஞ்சிஞ்ஷ்.
கால் சில நேரம் பொய் சொல்லும்,
எனவே சிறகை விரித்து
நீள இறகுகளை ஓரத்திலிருந்து எண்ண வேண்டும்.
ஆறாவதின் விளிம்பு நுனிக்கு முன்னால் உள்வாங்கியிருந்தால் சுஞ்சிஞ்ஷ்.
நேரே ஓடினால் வீத்தீத்திஸ்.
நகக்கீறல் அளவு வித்தியாசம்தான்.
அந்தக் கீறலுக்கு இந்தப் பக்கம்
மத்தியதரைக் கடலோரம் குளிர்காலத்தைக் கழிப்பது,
அந்தப் பக்கம் சஹாராவையும் தாண்டுவது.

இருபத்தோராம் தேதி மழை.
மூன்றாம் வலையிலிருந்து விஸ்மா கத்தினாள், "சீக்கிரம்!"
பைகளில் பதினேழு உயிர் காத்திருந்தது.
நான் எண்ணவில்லை.
கால் கருப்பு. வளையம் மாட்டினேன்.
ஏட்டில் எழுதினேன்: சுஞ்சிஞ்ஷ், இந்த ஆண்டுக் குஞ்சு.
கையை விரித்தேன்.

பிப்ரவரியில் ரிகாவிலிருந்து மின்னஞ்சல்:
*திருமதி டக்மாரா, உங்கள் சுஞ்சிஞ்ஷ் ஜாம்பியாவில் இருக்கிறது.
பதிவைச் சரிபார்க்கவும்.*
எங்கள் ஊர்ப் பால்வண்டி
பனிக்கடல் தாண்டிப் போய்விட்டது என்பதுபோல் இருந்தது.

கூடவே ஒரு கடிதம்.
எழுதியவர் சபோட்டா, சோமாவில் விடுதிப் பள்ளியின் காவலர்.
"கோழிக்கூண்டு வலையில் மாட்டியிருந்தது.
போனில் படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணைப் படித்தேன்.
காலில் சேறு காய்ந்திருந்தது, துடைத்தேன்.
உள்ளே வெளிர்பழுப்பு.
பிடித்தபோது ஓர் இறகு கையோடு வந்துவிட்டது.
நான் பிடுங்கவில்லை.
பறந்தது. ஆனாலும் கேட்கிறேன், பிழைக்குமா?"
மடித்த தாளுக்குள் அந்த இறகும் இருந்தது.

விளக்கருகே வைத்து எத்தனையாவது என்று பார்த்தேன்.
உள்வரிசை இறகு.
எதையும் நிரூபிக்காது.

ஏட்டை எடுத்தேன்.
தவறை அழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி;
ஒரே கோடு, கீழே தெரியும்படி.
சுஞ்சிஞ்ஷ் மீது கோடு. மேலே வீத்தீத்திஸ். என் கையொப்பம்.

பிறகு அவருக்கு எழுதினேன்:
ஐயா, கவலை வேண்டாம்.
ஆண்டுக்கு இருமுறை உடுப்பு முழுவதையும் மாற்றுகிற குருவி இது.
கோடையில் எங்களிடம் ஒருமுறை,
உங்கள் மழைக்காலத்தில் இன்னொருமுறை.
உங்கள் கையில் வந்தது விழவேண்டிய இறகுதான்.
பிறந்தது இங்கே எங்கோ பிர்ச் மரத்தடிப் புல்லில்,
கூரை வைத்து, பக்கவாட்டில் வாசல் விட்டு
தாய் தனியே கட்டிய உருண்டைக் கூட்டில்.
ஆறேழு முட்டை. பதின்மூன்று நாள் அடைகாப்பு.
கிட்டத்தட்ட அதே அளவு நாளில் கூட்டை விட்டு இறங்கிவிடும்.
உள்ளே மெத்தைக்கு
பெரும்பாலும் யாரோ வீட்டுக் கோழியின் இறகு.
அதனால்தான் உங்கள் கூண்டுப் பக்கம் போனதோ என்னவோ.
(இந்த வரி அறிவியல் அல்ல.)
இரவில் பறந்தது. வழிகாட்ட யாரும் கூட வரவில்லை.

பதில் வந்தது ஒரே வரியில்:
"கூண்டின் ஓட்டையை இன்னும் சின்னதாக்கிவிட்டேன்."

மே வந்தது.
பிர்ச்சுகளில் ஏகப்பட்ட குரல் படியிறங்குகிறது,
கடைசிப் படியை விழுங்குகிறது.
எல்லாவற்றின் காலிலும் இலை மறைக்கிறது.
முதற்பறப்பில் பாதிக்குமேல் திரும்புவதில்லை;
நான் தேடவுமில்லை.

மேசையில், ஏட்டுக்கும் வளையப் பெட்டிக்கும் நடுவே
இப்போது ஓர் ஈரத்துணி வைத்திருக்கிறோம்.
எதற்கென்று விஸ்மா கேட்கவில்லை.
முதல் குருவியின் காலை
அவள்தான் துடைத்தாள்.